கரண்டுக்காரர்களுக்காக எடுத்த போட்டோ

விருதுநகரில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில மின்னஞ்சல்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது.

ஒருநாள் ஐரோப்பாவில் உள்ள ஒரு தொழிற்சங்கத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு மின் நிறுவனம், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை மொத்தமாக நீக்கிவிட்டதாம். எல்லா நாட்டுச் சங்கங்களும் ஆதரவு அட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். பெண்கள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் எங்கள் செயலாளர். எனக்குத் தெரிந்த பெண்கள், தாயில்பட்டியிலிருந்து அம்மாவோடு வேனில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நாம போட்டோ எடுத்தா அவுகளுக்கு வேல குடுத்துருவாகளா?”

“ஒரு போட்டோவுக்குக் குடுக்க மாட்டாக. நெறையப் போனா யோசிப்பாக.”

பக்கத்துத் தெரு அத்தையும் அதே கம்பெனிதான். “நம்ம ரூம்ல கரண்டே கெடையாது. நம்மளப் போயி கேக்காக பாரு” என்றாள்.

அது உண்மை. வெடிமருந்து புழங்கும் அறைகளில் மின்சாரம் கூடாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும் இடத்தில் எடுப்பது என்று முடிவானது.

கம்பெனி போர்மேனுக்குச் சங்கம் என்ற சொல்லே ஆகாது. அவர் பார்த்தால் அம்மாவின் வேலை போய்விடும். அதனால் அட்டையை முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஓட்டுக் கேக்க வாரவன் மூஞ்சிய மூடிக்கிட்டு வந்தா நீ போடுவியாடி?”

அம்மா அட்டையோடு நடுவில் நிற்க, எல்லார் முகமும் தெரியவே எடுத்தேன். எல்லார் கையிலும் அலுமினியப் பவுடர் மினுங்கியது. அத்தை மட்டும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டுக்காரவுக பாக்கப் போறாகளாம்.

ஐரோப்பாவின் அந்தச் சங்கம் போட்டோவைத் தன் இணையப் பக்கத்தில் போட்டது. பெருமை தாங்காமல் எங்கள் செயலாளர் அதைத் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி போர்மேனிடமும் போனது. அவர் அம்மாவைக் கம்பெனி வாசலுக்குக் கூப்பிட்டு விசாரித்ததை, சாயங்காலம் அம்மா எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

“என்னக்கா, யூனியன்ல சேந்துட்டீகளா?”

“இல்ல அண்ணாச்சி. கரண்டுக் கம்பெனில வேல போனவுகளுக்காகப் பிடிச்சது.”

“சொந்தக்காரவுகளா?”

“பேருகூடத் தெரியாது.”

“பேரு தெரியாதவுகளுக்கு எதுக்குக்கா அட்ட பிடிக்கீக?”

“எம்மக கேட்டா.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. எங்கள் பக்கம் வேலைநீக்கக் கடிதமெல்லாம் கொடுப்பதில்லை. மறுநாள் வேன் நிற்காது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அம்மா தூக்குவாளியோடு நின்றாள். நானும் கூட நின்றேன். வேன் வந்தது, எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரத்தில் உள்ளேயிருந்து தகரத்தைப் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. வேன் நின்றது. ஓடினோம்.

“போர்மேன் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காரு” என்றான் டிரைவர்.

“பள்ளத்துல நின்னுருச்சுன்னு சொல்லு” என்றாள், முந்தின தெருவிலேயே ஏறி உள்ளே இருந்த அத்தை.

“இங்கன ஏது பள்ளம்?”

“எறங்கி வெட்டித் தாரோம். ஏறு மதினி.”

அம்மா ஏறினாள். தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணையில் கம்பெனி வாசலில் போர்மேன் நின்றிருக்கிறார். அம்மாவை விட்டுவிட்டு உள்ளே போக யாரும் நகரவில்லை. அவர் சரக்கு ஏற்றக் காத்து நின்ற லாரியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். “லோடு நிக்குது, எல்லாரும் உள்ள போங்க” என்றாராம்.

சாயங்காலம் வந்ததும் அம்மா என்னிடம் கேட்டாள்: “அந்த ஊர்ல அவுகளுக்கு வேனத் தட்டி நிறுத்த ஆளு இருக்கா?”

“அங்க வேனே கெடையாதும்மா. ஆளுக்கொரு கார்ல தனித்தனியாத்தான் வேலைக்குப் போவாக.”

அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“அப்பப் பாவந்தான். இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு” என்றாள்.