வாந்தி வருமா என்று கேட்டபோது

என் மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. ரத்தக்கொதிப்பு கூடியிருக்கிறது என்று ஏற்கனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தார்கள். இந்தமுறையும் தள்ளிப்போய்விடக் கூடாது என்பதிலேயே நான் குறியாக இருந்தேன்.

முந்தின நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து அவளிடம் கேட்டார். "முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்கா? அப்போ வாந்தி வந்துச்சா? பஸ்ல போனா வருமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "குடல்வால் எடுத்ததுங்க. வாந்தி கீந்தியெல்லாம் இல்லீங்க."

பொய். குடல்வால் எடுத்த அன்று நாள் முழுக்க வாந்தி. வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, பித்தம் வரும்வரை குமட்டினாள். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிற பஸ்ஸில்கூட ஜன்னல் சீட்டு இல்லாவிட்டால் ஏறமாட்டாள். அதையெல்லாம் சொன்னால் இன்னொரு சோதனை, இன்னொரு தேதி என்பார்களோ என்று பயந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு மாதிரி வாந்தி வந்தா கழுத்துத் தையல் தாங்குமுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் தட்டி நர்சிடம் சொன்னேன். டாக்டரம்மாவே வெளியே வந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நேத்தே சொல்லியிருக்கணும்," என்றார். குரலில் கோபம் இல்லை. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு வாந்தியெடுத்து முக்கினா உள்ள ரத்தம் கசியலாம். இவங்களுக்கு மூச்சு வழியா குடுக்கற கேஸ் வேண்டாம், நரம்பு வழியாவே மயக்க மருந்து குடுக்கறேன். வாந்தி வராம இருக்க ஊசியும் முன்கூட்டியே போட்டுடலாம்."

"தள்ளிப்போடுவீங்களாங்க?"

"இதுக்கு எதுக்குத் தள்ளிப்போடணும்?"

மத்தியானம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பொழுது சாயும்வரை அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருமுறை வாயில் எச்சில் ஊறுகிறது என்று சைகை காட்டினாள். நர்ஸ் இன்னோர் ஊசி போட்டதும் அடங்கியது. வாந்தி வரவேயில்லை.

இரண்டாம் நாள், கம்மிய குரலில் சொன்னாள். "டாக்டரம்மா கேட்டது என்னையத்தானுங்க. நான் சொல்லியிருப்பேன்."

"தப்புத்தான்," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா என்று தெரியவில்லை.