ஒத்தப்பனைக்கு அந்தாண்ட

வற்றிய ஏரிக்குள் நடக்கும் கிரிக்கெட்டைக் கரைமேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: அங்கே சேதி முதலில் கண்ணுக்குத்தான் வரும், காதுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். மட்டை சுழல்வது தெரியும், பந்து கிளம்பிவிட்டது தெரியும், அதற்கப்புறம்தான் "டொக்" என்ற அந்தச் சத்தம், வெயிலில் நடந்து களைத்த ஆள் மாதிரி, ஆற அமர வந்து சேரும். கூடவே வெடித்த களிமண்ணின் வாசனையும் செத்த நத்தைகளின் நாற்றமும் வரும். கோடை வந்தால் செய்தியில் அதிக வெயில் அடித்த ஊர்களைச் சொல்வார்களே, அதில் தவறாமல் வருகிற திருத்தணிதான் எங்கள் ஊர்; அந்த வெயிலில் தலைக்குத் துணிகூடப் போடாமல் நான் உட்கார்ந்திருப்பேன். பெண்பிள்ளை கறுத்துப் போவாய் என்று அம்மா திட்டுவாள். கறுத்தும் போனேன், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தண்ணீர் இருந்தால் அது ஏரி, வற்றினால் "கிரவுண்டு". மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் ஊரே சந்தோஷப்படும், கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் மட்டும் துக்க வீட்டு முகத்தோடு திரிவார்கள். சில சமயம் இரண்டு மூன்று கோடைகள் தொடர்ந்து ஏரி வற்றாது. மறுபடி வற்றும்போது பழைய ஆட்டக்காரர்களுக்குத் தொந்தி விழுந்திருக்கும், புதிதாக ஒரு கூட்டம் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும். இப்படி மழையே வரப்புப் போட்டுப் பிரித்துவைத்த இரண்டு காலங்களில், ஆளுக்கொரு காலத்தின் பெரிய "அடிகாரர்" என்று ஊர் ஒப்புக்கொண்ட இருவரும் எங்கள் வீட்டுக்காரர்களாகவே வாய்த்துவிட்டார்கள். ஒருவர் எங்கள் நைனா, அதாவது அப்பா. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டு அரக்கோணத்தில் ரயில்வே கலாசியாகப் போனவர். இன்னொருவர் சீனு பாவா, என் அக்கா ரேவதியின் வீட்டுக்காரர், பள்ளிப்பட்டில் பவர்லூம் ஓட்டுகிறவர்.

நைனாவின் பட்டப்பெயர் "ஒத்தப்பனை". ஏரிக்கரைமேல் தனியாக நின்ற ஒரு பனைமரத்தைத் தாண்டிப் பந்தை அடித்த முதல் ஆள் அவர்தான். அவர் அடித்த ஒரு பந்து பனையையும் தாண்டி, கரையோர ரோட்டில் போன டவுன் பஸ்ஸின் கூரையில் விழுந்து, பஸ்ஸோடு ஆர்.கே.பேட்டைக்கே போய்விட்டதாகவும், மறுநாள் கண்டக்டர் அதைக் கொண்டுவந்து கொடுத்ததாகவும் ஊருக்குள் பேச்சு. "ஆர்.கே.பேட்டை வரைக்கும் சிக்ஸர் அடிச்சவன் உலகத்துலயே எவன்டா கீறான்?" என்று நைனாவின் கூட்டாளிகள் கேட்பார்கள். பாவாவின் கட்சியும் லேசுப்பட்டதல்ல. பள்ளிப்பட்டு டீமுக்காக எங்கள் ஏரியில் வந்து ஆடியபோதுதான் அவர் அந்தப் பனையை ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பத் தாண்டினார். அந்த ஆட்டத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் மூலமாகத்தான் அக்காவுக்குச் சம்பந்தமே வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் பெரிய அடிகாரர் என்ற வழக்கு நடக்கும் கோர்ட்டு, பஜாரில் இருந்த கோபாலின் சலூன். ஞாயிற்றுக்கிழமை என் முடியை "கிராப்பு" வெட்ட நைனா கூட்டிப்போகும்போது அந்த வழக்கைக் காது குளிரக் கேட்டிருக்கிறேன். நைனா காலத்தில் பந்து கார்க் பந்து, மட்டை ஆசாரி செதுக்கிக் கொடுத்தது, காலுக்குக் காப்பு கிடையாது, நெஞ்சுக்கு வந்தாலும் நின்று அடித்தார் என்று ஒரு கட்சி சொல்லும். "அப்ப அந்தப் பனை இம்மாத்தூண்டுபா! சீனு அடிக்கறப்ப அது எவ்ளோ ஒசரம்!" என்று எதிர்க்கட்சி மடக்கும். பனை என்ன கீரைத்தண்டா, பத்து வருஷத்தில் வானத்தைத் தொட, என்று முதல் கட்சி எகிறும். உடனே எதிர்க்கட்சி வண்டல்மண் கதையை எடுக்கும். குடியானவர்கள் கோடைக்குக் கோடை வண்டல் அள்ளிப் பள்ளம் பறித்ததில் "பிட்ச்" கரையைவிட்டு நகர்ந்து நகர்ந்து உள்ளே போய்விட்டதாம். ஆகவே பாவா அடித்ததுதான் தூரமாம். கோபால் சவரக்கத்தியை யாரோ ஒருவர் தாடைமேல் வைத்தபடியே இரண்டு பக்கத்துக்கும் "ஆங், ஆங்" என்று தலையாட்டுவார். இரண்டு கட்சியும் அவருக்கு வாடிக்கை. நைனா இதிலெல்லாம் வாயே திறக்கமாட்டார். ரொம்பவும் இழுத்தால், "மரத்தைப் போயிக் கேளுங்கபா" என்று சிரித்துக்கொள்வார். ஆனால் "ஒத்தப்பனை" என்று யாராவது கூப்பிட்டால் அவர் முதுகு தானாக நிமிர்வதை நான் கவனித்திருக்கிறேன்.

சலூனில் வாயே திறக்காதவருக்கும் சேர்த்து வீட்டில் பேச அம்மா இருந்தாள். பள்ளிப்பட்டிலிருந்து வந்திருக்கும் அக்கா குழாயடியில், "எங்க வூட்டுக்காரரு போன வாரம் அடிச்சாரு பாரு" என்று ஆரம்பித்தால் போதும், அம்மா குடத்தைக் கீழே வைத்துவிடுவாள். "உங்க நைனா மட்டையத் தூக்கனா பேட்டைக்காரனுங்க பாதிப்பேரு கரைமேல ஏறி நின்னுக்குவானுங்கடி. மாப்ள தங்கமான மனுஷன், நான் இல்லேங்கல. ஆனா அவரு அடிக்கறது அடி, இவரு அடிச்சது இடி!" இடது கால் எப்படி முன்னால் போகும், மட்டை எப்படித் தோளுக்கு மேலே போய் நிற்கும், பந்து பனை ஓலையை உரசிக்கொண்டு எப்படிப் பறக்கும் என்று ஈரக்கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் தண்ணீரை மறந்து நிற்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மா ஒரு ஆட்டம்கூடப் பார்த்தது கிடையாது. அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்கள் ஏரிக்குப் போய் ஆட்டம் பார்ப்பதில்லை. யாரும் கூடாதென்று சொல்லவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை, அவ்வளவுதான். எங்கள் வீடு கரைக்குப் பின்னாலேயே இருந்ததால் சமையலறை ஜன்னல் வழியாக அவளுக்குக் கூச்சல் மட்டும் கேட்கும். நைனா அடித்தால் ஒரு கூச்சல், மற்றவர்கள் அடித்தால் வேறு கூச்சலாம். அந்தக் கூச்சலை வைத்துக்கொண்டே அவள் மனசுக்குள் ஒரு நைனாவை ஆடவிட்டிருந்தாள்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் ஏரி சுத்தமாக வற்றியது. சலூன் கூட்டம் ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தது: பள்ளிப்பட்டுக்கும் நமக்கும் ஒரு மேட்ச், பாவா அந்தப் பக்கம், நைனா இந்தப் பக்கம், அதோடு வழக்குத் தீர்ந்தது. நைனாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. மட்டையைத் தொட்டே எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவர் சிரித்து மழுப்பினார். முதல் பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா சும்மா இருக்காமல், "நைனா பயந்துகினாரு" என்றாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவரு வருவாரு. நானும் வர்றேன், பார்க்கறதுக்கு."

நைனாவின் முகத்தில் பயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். மருமகனிடம் தோற்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். "வெயிலுடி, நீ எதுக்கு அங்க? பொம்பளைங்க யாரும் வரமாட்டாங்க" என்று அந்த வாரம் முழுக்க விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் மனசுக்குள் இத்தனை வருஷமாக ஆடிக்கொண்டிருந்த ஆள், நிஜமாக அவள் கண்ணெதிரே வந்து நிற்கவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தலைக்குக் குளித்து, இடுப்பைத் தொடுகிற கூந்தலைப் பின்னி, நைனாவின் ரயில்வேக் குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்களும் வந்தார்கள். முதலில் பள்ளிப்பட்டு ஆடியது. பாவா பனையைத் தாண்டி அடித்தார், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினாள். அம்மா "ஆங், பரவால்ல" என்றாள். பிறகு நைனா இறங்கினார். பழைய வெள்ளைக் கால்சட்டை இடுப்பில் சேராமல் ஊக்கு குத்தியிருந்தது. பந்து போடுகிற பையன் ஓடிவரத் தயாரானபோதும் நைனா அவனைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், குடை இருந்த பக்கம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உதடு "முருகா, முருகா" என்றது.

முதல் பந்து எங்கேயோ போயிற்று. இரண்டாவது பந்துக்கு இடது காலை முன்னால் வைத்து, மட்டையைத் தோளுக்குமேல் தூக்கி, சுழற்றினார். நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. சுழற்றிய வேகத்தில் அவரும் ஒரு காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிப்பட்டுக்காரர்கள் கத்தவில்லை. பாவா ஓடிவந்து, "எழுந்திரு மாமா, பந்து திடீர்னு தாழ்ந்துடுச்சி" என்று கையைக் கொடுத்தார். நைனா அந்தக் கையைப் பிடிக்காமல் தானாகவே எழுந்து, கரைப் பக்கம் திரும்பாமலே, ஏரியின் எதிர்ப்பக்கமாக நடந்து போனார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அம்மா மட்டும் குடையை மடக்கி, "வா, சோறாக்கணும்" என்றாள்.

அதற்கப்புறம் நைனா சலூன் பக்கமே போகவில்லை. விடிகாலை ரயிலுக்குப் போய் இருட்டிய பிறகு வந்தார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். தாடி வளர்ந்தது. குழாயடியில் அக்காவே பேச்சை விட்டுவிட்டாள். ஜெயித்தவர்களுக்கும் சந்தோஷமில்லாத அப்படி ஒரு ஜெயத்தை நான் பார்த்ததில்லை.

அந்த மாதக் கிருத்திகை அன்று அம்மா என்னை எழுப்பி மலைக்குக் கூட்டிப்போனாள். படியேறி, சாமி கும்பிடப் போகிறோம் என்று நினைத்தால், நேராக மொட்டை போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்துவிட்டாள். அந்தக் கூந்தல்மேல் அவளுக்கு எவ்வளவு கர்வம் என்று எனக்குத்தான் தெரியும். "எதுக்கும்மா? எதுக்கும்மா?" என்று நான் கத்தினேன். "வேண்டுதல்டி. நெறவேறிடுச்சி, குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். இறங்கிவரும்போது தெரிந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அவள் சிரித்ததோடு சரி.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். பாவாவும் கிருத்திகைக்கு வந்திருந்தார். நைனா தாடியோடு எழுந்து நின்றார். ஒருத்தருக்குத் தாடி, ஒருத்தருக்கு மொட்டை, அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்குத்தான் எதை எங்கே பேசுவது என்று தெரியாதே. "நைனாதான் அவுட்டாயிட்டாரே, அப்புறம் எதுக்கும்மா மொட்டை?" என்று கேட்டுவிட்டாள்.

"அவரு அடிக்கணும்னு நான் எப்படி வேண்டிகினேன்?" என்றாள் அம்மா. "கல்யாணமாயி வந்த மொதக் கோடை. அடுப்பாண்ட நிக்கறேன், அந்தாண்ட ஊரே கத்துது. முருகா, அவரு மட்டையப் புடிச்சிகினு நிக்கறத ஒரே ஒரு வாட்டி என் கண்ணால காட்டு, முடிய குடுத்துடறேன்னேன். காட்டிட்டான். குடுத்துட்டேன்."

நைனா பூஜை மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்தார். மருமகன் நிற்கிறான் என்றும் பார்க்காமல், அம்மாவை உட்காரவைத்து அவள் தலையில் தன் கையால் பூசினார்.

"கேட்டிருக்கலாமேடி" என்றார்.

"கூப்ட்டிருக்கலாமே" என்றாள் அம்மா.

மறுநாள் நைனா சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார். அடுத்த வாரமே குழாயடியில் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பந்து தாழ்ந்துடுச்சின்னு மாப்ளயே சொல்லிட்டாருடி, இல்லேன்னா ஆர்.கே.பேட்டைதான்!" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள். அக்காவும் குடத்தைக் கீழே வைத்தாள்.

இதெல்லாம் நடந்து நெடுங்காலமாயிற்று. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். பாவாவுக்கு மூட்டுவலி. ஒத்தப்பனையை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள், ஏரியில் பாதி மனைகளாகிவிட்டது, மீதிப் பாதியில் வேலிக்காத்தான். சலூனில் இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. எந்தக் காலத்து ஆட்டக்காரன் எத்தனை அடித்தான் என்று அவரவர் போனிலேயே இருக்கிறது, அடித்த பந்து போன தூரத்தை டிவிக்காரனே மீட்டர் கணக்கில் போட்டுக் காட்டிவிடுகிறான். பிறகு எதற்குச் சண்டை?

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சாயங்காலமானால் டிவியில் மேட்ச் போடச் சொல்வாள். ஆனால் பந்தைப் பார்க்கமாட்டாள். யாராவது பெரிய சிக்ஸர் அடித்தால் என் மகன் துள்ளுவான், அம்மா அசையாமல் காத்திருப்பாள். காமிரா கூட்டத்துப் பக்கம் திரும்பி, அடித்தவனின் மனைவி கைதட்டுவதைக் காட்டும்போதுதான் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்ப்பாள். போன வாரமும் அப்படித்தான் பார்த்தாள்.

"குடுத்து வெச்சவ" என்றாள். "கூடவே கூட்டிகினு வந்திருக்கான் பாரு."