துவக்கு இல்லாத உடுப்பு

என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரேயொரு இராணுவ உடுப்பு தேயிலையும் மஞ்சளும் மணத்தது. அதைத் தைத்தவர் என் மாமா. அவருக்குத் தையல் தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒஸ்லோவில், ரொம்சோஸ் அடுக்குமாடியில் நாங்கள் இருந்த காலம். எனக்குப் பத்து வயது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன். மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, எங்கள் வரவேற்பறைச் சோபாவில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தார். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. அதனால் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதே அவருடைய உத்தியோகமாக இருந்தது.

நோர்வே மொழி தெரியாதவர்களுக்கும் எங்கள் வீட்டில் ஒரு நோர்வேச் சொல் தெரியும். பெஷித்தெல்சே. பாதுகாப்பு என்று பொருள். மாமாவுக்குப் பெஷித்தெல்சே கிடைக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தார். தொலைக்காட்சியில் எங்கள் நாட்டுச் சமாதானப் பேச்சைக் காட்டினால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அடுத்த நிமிடம் மாமாவைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். ஊரில் சமாதானம் என்றால், இனி நீ திரும்பிப் போகலாம் என்று இவரிடம் சொல்லிவிடுவார்களே என்ற பயம். எனக்கு அதெல்லாம் விளங்காது. பெஷித்தெல்சே ஒரு நல்ல சாமான், அது வந்தால் மாமா எங்களுடனேயே இருப்பார் என்று மட்டும் தெரியும்.

அந்த மாசியில் பள்ளிக்கூடத்தில் கார்னிவால் வந்தது. ஒவ்வொருவரும் வேஷம் போட்டு, வகுப்புக்கு முன்னால் நின்று, தான் யார் என்று சொல்ல வேண்டும். அம்மா எங்கேயோ இரவல் வாங்கிய இளவரசிச் சட்டை ஒன்று அலுமாரியில் தொங்கியது. அதில் ஒட்டியிருந்த மினுக்கத்தைப் பார்த்ததும் அலுமாரியைச் சாத்திவிட்டேன். போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள்.

மாமாவும் நானும் குளிருக்கு ஒதுங்குகிற நூலகத்தில்தான் அந்தப் புத்தகம் அகப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் எந்த நாட்டுப் படை என்ன உடுத்தது என்று பக்கம் பக்கமாக வண்ணப்படங்கள். கடைசிப் பக்கங்களில் சின்னச் சின்ன அரபு நாடுகள். ஒரு படத்தில் என் கை நின்றுவிட்டது. கணுக்கால் வரை தொங்கும் காக்கி அங்கி. இடுப்பில் சிவப்புப் பட்டி. மார்பில் குறுக்கும் மறுக்குமாகத் தோட்டா வார்கள். தலையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி, அதன்மேல் கறுப்பு வளையம். கையில் துவக்கு, நீளக் குழல் துப்பாக்கி. நீளச் சட்டை போட்ட இராணுவ வீரன்! அந்தத் தலைத்துணிக்குள் முகத்தில் பாதியை ஒளித்துக்கொள்ளலாம் என்பதையும் அந்த நொடியே கண்டுபிடித்துவிட்டேன்.

கீழே எழுதியிருந்ததை மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். ட்ரான்ஸ்ஜோர்தான், பாலைவன ரோந்துப்படை. "மாமா, இந்த நாட்டுக்கு இங்கிலாந்து பெஷித்தெல்சே குடுத்திருக்காம்!"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாட்டுக்கே குடுத்தவங்களோ? இஞ்சை ஒருத்தனுக்குக் குடுக்க இவ்வளவு யோசிக்கிறாங்கள்."

பிறகு அவரே பக்கங்களைப் புரட்டினார். ஏடன், பஹ்ரைன், மஸ்கட். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வடிவாப் பார் பிள்ளை," என்றார். "தலையிலை இருக்கிறதுதான் அவன்ரை. காக்கியும் துவக்கும் குடுத்தவன்ரை."

நான் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். பாதுகாப்பும் கொடுத்து, உடுப்பும் கொடுத்திருக்கிறார்கள்!

"அப்ப உங்களுக்கும் நோர்வே உடுப்புத் தருமோ மாமா?"

மாமா சத்தமாகச் சிரித்துவிட்டார். நூலகப் பெண்மணி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு படைமுகாம் ஆனது. பழைய வெள்ளைக் கட்டில் விரிப்பைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டோம். நிறம் போதவில்லை என்று மாமா அம்மாவுக்குத் தெரியாமல் மஞ்சள்தூளை அள்ளிக் கொட்டினார். காக்கி அப்படியே வந்துவிட்டது. ஆனால் அம்மா பானையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவப்போக, தெறித்த நுரை பட்ட இடமெல்லாம் துணி சிவந்தது. நான் அழப்போனேன். "சண்டையிலை பட்ட காயமெண்டு சொல்லுவம்," என்றார் மாமா. அம்மா அகப்பையோடு வந்தார்.

"கறி வைக்க வச்ச தூளெல்லாம் உனக்குப் பட்டாளத்துக்கோடா?"

"அக்கா, பாலைவனத்திலை கறி வைக்கிறேல்லை."

தோட்டாவுக்கு மெழுகுதிரித் துண்டுகளைச் சொக்கிலேட்டின் தங்கத்தாளில் சுற்றினோம். தலைவளையத்துக்கு அப்பாவின் சைக்கிள் டியூப். இடுப்புக்கு அம்மாவின் சிவப்புச் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதற்கு அனுமதி வாங்க இரண்டு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. கட்டம் போட்ட தலைத்துணிதான் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் மாமா தன் பையிலிருந்து, தான் இடுப்பில் கட்டுகிற சாரத்தை எடுத்தார். சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டம். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சாரம். ஜன்னலடியில் உட்கார்ந்து அதன் மூட்டுத் தையலை நூல் நூலாகப் பிரித்தார்.

வேலையால் வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், மூட்டைப் பிரிச்சிட்டாய். இனி எதைக் கட்டிக்கொண்டு படுப்பாய்?" என்றார்.

"பெஷித்தெல்சே வந்தா அவங்களே உடுப்புத் தருவாங்களாம் அத்தான். மருமோள் சொல்றா."

எல்லாம் ஆயிற்று. துவக்கு மட்டும் வரவில்லை. இன்றைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம் என்றார். பலகை இல்லை என்றார். நான் குப்பை அறையிலிருந்து பலகை கொண்டுவந்து கொடுத்தேன். பலகை அறுக்க வாள் இல்லை என்றார். மற்ற எல்லாவற்றுக்கும் என்னைவிட அவசரப்பட்ட மனிதர் இதற்கு மட்டும் ஏன் இழுக்கிறார் என்று எனக்குச் சினமாக வந்தது.

கார்னிவால் காலையில் அங்கியைக் குளிர்ச்சட்டைக்கு மேலாகவே மாட்டிவிட்டார். பனிச்சப்பாத்து, காக்கி, தங்கத் தோட்டாக்கள். வெறும் கை. நான் வாசலில் நகர மாட்டேன் என்று நின்றேன்.

"துவக்கில்லாமல் நான் ஆரெண்டு கேட்டா என்ன சொல்ல?"

மாமா என் முன்னால் குந்தியிருந்து வளையத்தைச் சரிசெய்தார். பிறகு, "துவக்கைக் கீழை வச்சிட்டு வந்தனான் எண்டு சொல்லு," என்றார்.

பனிக்குள் நாங்கள் நடந்தோம். காற்றில் தலைத்துணி படபடவென்று அடித்தது. பாலைவனத்தில் இப்படித்தான் அடிக்கும் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வகுப்பில் இளவரசிகள் ஒரு பக்கம், சிலந்தி மனிதர்கள் ஒரு பக்கம். என் முறை வந்தது. முகத்தைத் துணிக்குள் இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். நான் பெஷித்தெல்சே உள்ள ஒரு சின்ன நாட்டின் படைவீரன் என்று சொன்னேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்டிருந்த பையன் உடனே கேட்டான், படைவீரன் என்றால் உன் துவக்கு எங்கே?

கதவுக் கண்ணாடிக்கு வெளியே மாமா என் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தேன். பிறகு துணியை முகத்திலிருந்து விலக்கி, கடைசி மேசைக்கும் கேட்கச் சொன்னேன்:

"கீழே வைத்துவிட்டு வந்தேன்."

வகுப்பு முழுதும் சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து! ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி மாமாவைப் பார்த்தார். பிறகு கை தட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. காக்கி யாருடையது, தலைத்துணி யாருடையது, மஞ்சள் எப்படிச் சிவந்தது என்று எல்லாம் சொன்னேன். அந்த வகுப்பில் என் குரலை நானே முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். வீடு வரும்வரை துள்ளிக்கொண்டே வந்தேன். மாமாவும் என்னோடு சேர்ந்து துள்ளினார், பனி வழுக்கி விழும்வரை.

கோடையில் மாமாவுக்குப் பதில் வந்தது. இருக்கலாம் என்றார்கள். அம்மா அழுதுகொண்டே பாயாசம் காய்ச்சினார். மாமா வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனார். எங்களுடனேயே இருப்பார் என்ற என் கணக்கு அதோடு பிழையாகிப்போனது. போகும்போது பிரித்த சாரத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரங்களில் ஒரு புகைப்படம் அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையாகவே உடுப்புக் கொடுத்திருந்தார்கள்! வெள்ளை மேலங்கி, நீல ஏப்ரன், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, தலையில் வலை. கழுத்தைச் சுற்றி மட்டும் அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டம். கைகள் இரண்டையும் பக்கத்தில் விட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நின்றார்.

அன்றே தொலைபேசியில் பேசினார். "எப்பிடி என்ரை உடுப்பு? துவக்கில்லாத உடுப்பு, பாத்தியோ?"

"ஓம் மாமா, வடிவா இருக்கு!" என்று கத்தினேன்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்தியது. மாமா எனக்கு உடுப்பெல்லாம் தைத்துத் தந்தார். நான் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. கறுப்புப் பேனாவை எடுத்து, மேசையில் உட்கார்ந்து, நூலகப் புத்தகத்தில் பார்த்ததை நினைவில் வைத்து, அந்தப் புகைப்படத்தின் மேலேயே கவனமாக வரைந்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா ஈரக் கையோடு வந்து பார்த்தார். படத்தில் தன் தம்பியின் வலக்கையில் ஒரு துவக்கு இருந்தது. அம்மா என்னை ஏசவில்லை. படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் போய் இருந்தார். பெருவிரல் நகத்தால், மாமாவின் கையில் படாமல், அந்தக் கறுப்பை மெல்ல மெல்லச் சுரண்டத் தொடங்கினார்.

நல்ல படத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அம்மாவுக்கு என்மேல் வருத்தம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.