ஆளில்லாத நாலாம் வகுப்பு

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: பெரிய டீச்சர், சின்ன டீச்சர், என் அக்கா, நான், அக்காவின் மகள். இல்லாதவர்கள்: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்த அத்தான், அப்புறம், நாலாம் வகுப்பு. அந்த ஆண்டு எங்கள் ஊராட்சிப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூடக் கிடையாது. அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் காலையில் வரும் மஞ்சள் வேனில் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் உட்கார வேண்டிய பெஞ்சில் பள்ளி நேரத்தில் மற்ற பிள்ளைகளின் பைகளும் சாப்பாட்டுத் தட்டுகளும்தான் கிடக்கும். பெரிய டீச்சர் அந்தப் பெஞ்சைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமையிலேருந்து இவளை இங்கன உட்கார வைக்கப் போறேன். பதிவுல ரெண்டாம் வகுப்புதான். அதை நான் தொட முடியாது. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்லா, அதான் கூப்பிட்டேன்."

அக்கா தலையை ஆட்டினாள். டீச்சர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதுதான் மரியாதை என்று பழகியவள் அவள். நான் ஆட்டவில்லை. கேட்காத ஒன்றை ஒருவர் தானாக நீட்டினால், நீட்டுகிற கையைப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டிப்ளமோ முடித்துப் பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் என்னிடம்தான் வரும். அதனால் சந்தேகப்படுவதும் என் பொறுப்பு என்று ஆகியிருந்தது.

சீவலப்பேரிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடம் என்பது ஒரே கூடம். கிழக்குச் சுவர்க் கரும்பலகையைப் பார்த்துச் சின்ன வகுப்புகள் உட்காரும், மேற்குச் சுவரைப் பார்த்துப் பெரிய வகுப்புகள் உட்காரும். ஒருவர் முதுகுக்கு ஒருவர் முதுகு. இங்கே 'அம்மா இங்கே வா' படிக்கும்போது அங்கே பின்னக் கணக்கு நடக்கும். மற்ற பிள்ளைகளுக்கு முதுகுப்பக்கம் நடப்பது வெறும் சத்தம். அக்கா மகளுக்கு அது பாடம். இரண்டாம் வகுப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டே, ஐந்தாம் வகுப்பிடம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிடுவாள். "ஏட்டி, உன்கிட்டயா கேட்டாவ?" என்று ஐந்தாம் வகுப்புப் பையன்கள் அவள் சடையைப் பிடித்து இழுத்த நாளும் உண்டு.

வீட்டிலும் அப்படித்தான். வடை மடித்து வந்த தாளை விரித்துப் படித்து முடிக்காமல் வடையைத் தொட மாட்டாள். ஒரு நாள் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடத்துக்குக் கூட்டிப்போனேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, ரெண்டு ஆறும் சேர்ந்துதானே போகுது? ஏன் ஒரு ஆத்துப் பேரு மட்டும் போகுது?" பெரிய ஆற்றின் பெயர்தான் நிற்கும் என்றேன். "பெருசுன்னு யாரு அளந்தா?" என்றாள். இப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பின் நடுப்பகுதியில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காலையில் வயிறு வலிக்கிறது என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. எரிகிற அடுப்பில் விறகு தள்ளாமல் விட்டுவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் அவளுக்கு ஆகிக்கொண்டிருந்தது.

ஆகவே பெரிய டீச்சர் சொன்னதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதற்குக் காரணம் என்னுடைய பள்ளிக்கூடம். நானும் வகுப்பில் கெட்டிக்காரன்தான். எங்கள் சார் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். கண்டுகொண்டு, எனக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? டீத் தூக்கு. சொன்னதைச் சொன்னபடி வாங்கிவருவேன், வழியில் நின்று விளையாட மாட்டேன் என்பதால் கடைக்குப் போவது என் வேலை ஆயிற்று. குடத்தில் தண்ணீர் பிடிப்பதும், மைதானம் கூட்டுவதும் எங்கள் தெருப் பிள்ளைகளின் வேலை. மேலத்தெருப் பிள்ளைகளில் கெட்டிக்காரன் இருந்தால் அவனைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்புவார்கள். நான் டீத் தூக்கோடு திரும்பி வரும்போது ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குப் பாதி முடிந்திருக்கும். முதல் பாதியை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வேன். அப்படித்தான் படித்தேன்.

பெரிய டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நெற்றியில் திருநீறு, கையில் எப்போதும் ஒரு தைல வாசனை. யாரையும் பாராட்ட மாட்டார்; 'சரி' என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததில் அவருக்கு ஒரு கவலை இருந்தது ஊருக்கே தெரியும். இன்னும் சில தலைகள் குறைந்தால் சின்ன டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். வேன்காரன் வந்து எங்கள் தெருவில் நோட்டீஸ் கொடுத்த மறுவாரம்தான் டீச்சர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். இது போதாதா எனக்கு?

"ஏக்கா, பிள்ளை மேல உள்ள பிரியம்னா நினைக்க? வேனுக்குப் போயிரக் கூடாதுன்னு தூண்டில் போடுதாவ" என்றேன்.

அக்கா பீடித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "போடட்டும்லே. பிள்ளைக்கு வயித்துவலி நின்னுட்டுல்லா?"

நின்றிருந்தது உண்மை. நாலாம் வகுப்புப் பெஞ்சில் அவள் ஒருத்தியே மகாராணி போல உட்கார்ந்திருந்தாள். ஆனால் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் விவரம் சொல்வதில்லை. "டீச்சர் ஒண்ணு கண்டுபிடிக்கச் சொல்லிருக்காவ. முடியட்டும், சொல்லுதேன்." நோட்டில் எழுத்து இல்லை, பாவாடை மட்டும் தினமும் நனைந்து வந்தது. ஏன் நனைகிறது என்றால் சிரிப்பாள். நான் அரை நாள் லீவு போட்டேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவரோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, சமையல்கட்டுப் பக்கமாகப் பார்த்தேன். கூடத்தில் மற்ற பிள்ளைகள் பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. சமையல்கட்டு வாசலில் அக்கா மகள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு எவர்சில்வர் குடம். கையில் டம்ளர். வாளியிலிருந்து மோந்து மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விளக்குமாறு கிடந்தது.

இருபது வருஷம் ஆகியும் அதே குடம், அதே விளக்குமாறு. கேட்டைத் திறந்ததோ உள்ளே போனதோ நினைவில்லை.

"டீச்சர்! எங்க பிள்ளை தண்ணி நிரப்பவா பள்ளிக்கூடம் வருது? இதுக்குத்தான் தனி பெஞ்சு போட்டியளா?"

பாடம் நின்றுவிட்டது. முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான், அதுவும் என்னைத் திட்ட. "மாமா, சத்தம் போடாதிய! எத்தனைன்னு மறந்துட்டேன். போங்க, இனி முதல்லேருந்து ஊத்தணும்!"

சத்துணவு ஆயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாக் கேளும் வே. தினம் ஒரு ஈர்க்கு உருவுதா. என் விளக்குமாறு மொட்டையாப் போச்சு."

அப்போதுதான் அவளுடைய இன்னொரு கையைப் பார்த்தேன். ஒரு ஈர்க்குச்சி. அதில் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தது. குடத்தில் எத்தனை டம்ளர் தண்ணீர் இருக்கிறது என்று, உள்ளே குச்சியை விட்டுப் பார்த்தே சொல்ல வேண்டும். அதற்கு ஓர் அளவுகோல் செய். இதுதான் பெரிய டீச்சர் கொடுத்த கணக்கு. அவள் முதலில் சமமான இடைவெளியில் கோடு போட்டிருக்கிறாள். குடம் அதற்கு ஒத்துவரவில்லை. அடியில் ஒரு டம்ளருக்குத் தண்ணீர் சடாரென்று ஏறுகிறது. நடுவில் ஏறவே மாட்டேன் என்கிறது. கழுத்துக்கு வந்ததும் மறுபடி ஓடுகிறது. பல நாளாகக் குச்சி மாற்றிக் குச்சி மாற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். குச்சியில் தப்பா, டம்ளரில் தப்பா என்று அவளுக்குச் சந்தேகம். அந்த விஷயத்தில் அவள் என் மருமகள்தான்.

குடத்தின் வயிற்றைப் பாரு என்று சொல்ல வாயெடுத்தேன். லேத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாதா? பெரிய டீச்சர் கையை உயர்த்தினார்.

"தெரிஞ்சாலும் சொல்லிராதிய தம்பி. எனக்கே சரியாத் தெரியாது. விடை தெரிஞ்ச கணக்கா குடுத்தா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருதா. அதான் எனக்கும் தெரியாததா பார்த்துக் குடுக்கேன்."

டீச்சருக்கே தெரியாத கணக்கா என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் கேட்க வேண்டியது வேறு. அதைச் சத்தமில்லாமல் கேட்டேன். "சரி டீச்சர். இதை ஏன் சமையல்கட்டு வாசல்ல வச்சுச் செய்யணும்? எங்க தெருப் பிள்ளை கையில குடத்தைக் குடுத்தா, பார்க்கிறவனுக்கு என்னவாத் தெரியும்? கூடத்துல இருக்கிற பிள்ளையளுக்கு என்னவாத் தெரியும்?"

தரை நனைந்துவிடும், பிள்ளைகள் வழுக்குவார்கள் என்று டீச்சர் ஏதோ ஆரம்பித்தார்; பாதியில் நிறுத்தினார். குடத்தைப் பார்த்தார், விளக்குமாற்றைப் பார்த்தார். "நான் அதை யோசிக்கல தம்பி" என்றார். "யோசிச்சிருக்கணும்."

மறுநாளே குடம் கூடத்துக்குள் வந்துவிட்டது. எல்லா வகுப்புக்கும் முன்னால், மேசை மேல். தண்ணீர் மோந்து தருவது ஐந்தாம் வகுப்பு, எண்ணுவது மூன்றாம் வகுப்பு, கோடு போடுவது அவள். குடத்தின் வயிறுதான் காரணம் என்று அவள் கண்டுபிடித்த அன்றைக்கு, முன்பு சடையை இழுத்த பையன்களில் ஒருவன்தான் ஓடி வந்து எங்கள் வீட்டில் சொன்னான்.

அதற்காக என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் டீச்சரைத் தனியாகப் பார்த்தபோது நேராகவே கேட்டேன். "எண்ணிக்கைக்காகத்தானே எங்க பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கிய?"

"ஆமா" என்றார்.

மறுப்பார் என்று நினைத்து அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். அது வீணாயிற்று.

"அவ போனா ஒரு தலை குறையும். அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் போவாவ. சின்ன டீச்சரைத் தூக்கிருவாங்க. அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்தி ஓடணும். அப்ப இந்த மாதிரிப் பிள்ளையளுக்குக் குடத்தையும் குச்சியையும் யாரு குடுக்க? எனக்கு அவ வேணும் தம்பி. அவளுக்கு நான் வேணுமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்." பஸ் வந்தது, ஸ்கூட்டர் பழுது என்று அலுத்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

இதை நான் அக்காவிடம் சொன்னபோதுதான் விஷயம் வெளிவந்தது. மாதக்கணக்கில் நான் ஓதிய சந்தேகம் வேலை செய்துவிட்டிருந்தது. அக்கா எனக்குத் தெரியாமல் டவுன் பள்ளிக்கூடத்தில் முன்பணம் கட்டிவிட்டாள். எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம்தான்" என்றாள்.

மே மாதம் நேர்முகத்துக்கு மூன்று பேரும் போனோம். குளிர்சாதன அறையில் ஒரு அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்கச் சொன்னேன். அது இங்கே வழக்கமில்லை என்றார். எழுத்துத் தாளில் கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் அவளாகவே ஒரு கணக்கை எழுதி, 'இதை நீங்கள் போடுங்கள்' என்றும் எழுதியிருந்தாள். அந்த அம்மாள் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"இங்கிலீஷ் சுத்தமா இல்லை. ஒண்ணாம் வகுப்புல போட்டிருவோம். வயசு இருக்கே, என்ன அவசரம்?"

அக்கா அதுவரை நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். "மூணாவது போற பிள்ளை இது. நாலாம் வகுப்புப் பெஞ்சுல இருக்கிற பிள்ளை" என்றாள். அது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அக்கா விளக்கவும் இல்லை. எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டில் இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஏலே, என் பிள்ளையைப் பின்னால உட்கார வைக்க நான் எதுக்குலே துட்டுக் குடுக்கணும்?"

இன்னும் மூன்று ஆண்டு அந்தப் பள்ளியில் அவள் படித்தாள். இன்றைக்கு டவுனில் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுதோறும் முதல் வாரம் நான் போய் வகுப்பு டீச்சரைப் பார்த்துவிடுவேன். பாட நேரத்தில் இவளைக் கடை கண்ணி என்று வெளியே அனுப்புகிறீர்களா என்று விசாரிப்பேன். பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். சின்ன டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளியில்தான் இருக்கிறார்.

முன்பணம் திரும்பாது என்று டவுன் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு என்று அக்கா மூச்சுவிடவில்லை, அத்தானுக்கும் சொல்லவில்லை. போன மாதம், பேச்சோடு பேச்சாக, இப்போதாவது சொல்லேன் என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சொல்லிருந்தா நீ என்ன சொல்லிருப்ப? இம்புட்டுத் துட்டு கட்டியாச்சு, ஒண்ணாவதுன்னாலும் போகட்டும்னு சொல்லிருப்பலா?" என்றாள் அக்கா.

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன்.

"அதான் சொல்லல" என்றாள். "பன்னெண்டாயிரம்லே."