காந்தத்துக்கு முன்னால் கழற்றிய தாலி

அந்தக் காந்தத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. காந்தம் என்ன செய்யும்? அதை வைத்திருந்தவர்கள் மேல்தான் ஆத்திரம்.

ஐம்பதுகளின் கடைசியில், எங்கள் ஊர் ஜூஜுவாடியிலிருந்து பஸ் ஏறி, பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தாவதுவரைதான் படிப்பு. ஆனாலும் மூலையில் உட்கார்ந்து கழுவும்போது, புரொபசர் தமிழ் மாணவர்களுக்கு விளக்குவது காதில் விழும்.

ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு பொடிக் காந்தமாம். பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்தால் திசை பார்த்து நிற்குமாம். சரியான ரேடியோ அலையை விட்டால் புரண்டு பதில் கொடுக்கும். பக்கத்தில் எந்த அணு இருக்கிறதோ அதைப் பொறுத்து, பதில் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். சாராயத்தை வைத்தால் கருவி கோடு போடும் காகிதத்தில் மூன்று மேடு. எந்த மேடு பெரிதோ அங்கே ஹைட்ரஜன் அதிகம்.

காந்தத்தின் இழுப்பு ஒரே சீராக இருக்கவேண்டும். இரும்பு கிட்டே வந்தால் மேடுகள் கலங்கிவிடும். அதனால் தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்குகளைத் தினமும் வெளி ஜன்னலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

ஒருநாள் மூன்று மேடும் ஒரே மொத்தையாக வந்தது. புரொபசர் ஊரில் இல்லை. கருவியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கழுத்துல என்னா?"

"தாலிங்க. ஊக்கெல்லாம் வெளியவே வெச்சுட்டனுங்க."

"எல்லாம் ஒண்ணுதான், கழட்டு. இல்லாட்டி நாளைக்கு வராத."

"புருசனையும் ஜன்னல்லயே வெச்சுட்டு வாக்கா!" என்று ஒரு மாணவன் சிரித்தான்.

தங்கம் காந்தத்தில் ஒட்டாது. அதே அறையில் கேட்ட பாடம்தான். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது என் கூலியில். கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வெறுங்கழுத்தோடு வராந்தாவில் நின்றேன்.

மறுபடி ஓட்டினார்கள். அதே மொத்தை. அப்புறம்தான் சிரித்த மாணவன் காந்தத்தின் பின்பக்கம் கைவிட்டு, ஒட்டியிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி எடுத்தான். காலையில் உதவியாளர் முடுக்கிவிட்டு மறந்தது. உடனே மூன்று மேடும் தனித்தனியாக வந்தன.

"ஓ, இதானா? சரி, நீ கட்டிக்கம்மா," என்றார். காகிதத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

கழுவும் தொட்டியருகே நின்று, என் தாலியை நானே கட்டிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மறுவாரம் புது மாணவர்களுக்கு அந்தக் கலங்கிய காகிதத்தைக் காட்டி, இரும்பு கிட்டே இருந்தால் என்ன ஆகும் என்று உதவியாளர் பாடம் நடத்தினார். யார் வைத்த இரும்பு என்று மட்டும் சொல்லவில்லை. நான் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.