எத்தனை மணி மூச்சு?

வண்ணமீன் ஏற்றுமதிக் கொட்டகையில் அவரை எல்லோரும் மூச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் மீன், மேலே ஆக்சிஜன். ரப்பர் பேண்டை முறுக்கிப் போட்டு, பையை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்தால்தான் பை பெட்டிக்குள் போகும். பைக்கு எத்தனை மீன் என்று அவர் கேட்டதே இல்லை. "எத்தனை மணி மூச்சு?" என்றுதான் கேட்பார். நூறு மீன் போட்டால் ஒன்பது மணி மூச்சு, அறுபது போட்டால் பதினாலு. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கணக்கு அவர் காலை வாரியதில்லை.

கொட்டகை அவருடைய அக்காவுக்குச் சொந்தம். இதுவரை பக்கத்து ஊர்களுக்குத்தான் அனுப்பினார்கள். இந்த ஆர்டரோ தூரதேசம், புது வியாபாரி, நாலாயிரம் மீன். அவனுக்குப் பிடித்துப்போனால் மாசா மாசம் ஆர்டர். முதல் பெட்டியிலேயே மீன் மிதந்தால் அத்தோடு கதை முடிந்தது. விமானத்தில் கிடைத்த இடமோ நாற்பது பைக்குத்தான்.

விடியற்காலை ஐந்தரைக்கு அக்கா சரக்குச் சீட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"ஒன்பதுக்குக் கிளம்பி பத்தேமுக்காலுக்கு இறங்குது. ஏத்துறதுக்கு முன்னால மூணு மணி, இறங்கின பின்னால மூணு மணி. எட்டு மணி மூச்சு போதும்டா. நூறு நூறா போடு."

"எவ்வளவு தூரம்க்கா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். அதுக்கென்ன இப்ப?"

மூச்சுக்காரர் ரப்பர் பேண்டைக் கீழே வைத்தார். பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர், ஏறி இறங்க அரை மணி என்பது அவருக்குத் தண்ணிபட்ட பாடு.

"நாலு மணிக்கு மேல ஆகும். ஒண்ணேமுக்கால்ல போகணும்னா விமானத்தைக் கவண்ல வச்சுதான் அடிக்கணும்."

"அச்சடிச்சதே பொய்யா? நீ என்ன பெரிய பைலட்டா?"

"அச்சும் பொய் சொல்லாது, தூரமும் பொய் சொல்லாது. அப்ப கடிகாரம்தான் வேற. அந்த வியாபாரிக்கு ஃபோன் போட்டு அங்க மணி என்னன்னு கேளு."

அக்கா முறைத்துக்கொண்டே போட்டாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் மூன்று மணி என்றது. கூடவே நாலு வார்த்தை திட்டவும் செய்தது.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால இருக்கான்டா."

"அதையும் கூட்டு. பறக்கிறது நாலேகால், மொத்தம் பத்தேகால். நூறு போட்டா ஒன்பதுலயே மூச்சு நின்னுடும்."

"அறுபது போட்டா ரெண்டாயிரத்து நானூறுதானே போகும்! அவன் என்ன சொல்வான்?"

"குறைஞ்சா கோவப்படுவான். செத்தா திரும்பியே பார்க்க மாட்டான். கோவத்தை நான் பார்த்துக்கிறேன்."

பைக்கு அறுபதுதான் போட்டார். நாற்பது பையையும் தட்டிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினார்.

சாயங்காலம் நாலரைக்கு ஃபோன் வந்தது. அக்கா காதில் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு பையில் மட்டும் மூன்று மீன் செத்துவிட்டதாம். மற்றதெல்லாம் துள்ளுகிறதாம். குறைத்து அனுப்பியதற்கு இரண்டு நிமிஷம் கத்திவிட்டு, மீதி எப்போது வந்து சேரும் என்று கேட்டிருக்கிறான்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "என்ன சொல்லட்டும்?"

"என் கணக்கா, உன் கணக்கா? உன் கணக்குன்னா கிளம்புறதுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்திடுமே" என்றபடி அவர் அடுத்த பையை எடுத்து ஊதி விரித்தார்.