ஒரு சொட்டு இறங்காத கார்

நொட்டையார் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். விபத்தில் அடிபட்ட, தண்ணீர் புகுந்த வண்டிகளைப் பார்த்து, காப்பீட்டுத் தொகை கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிற உத்தியோகம். இருபத்தாறு வருடங்களில் ‘கொடுக்கலாம்’ என்று அவர் எழுதியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘உரிமையாளர் முன்னரே கவனித்திருக்க வேண்டும்’ என்ற வரி மட்டும் அவர் பேனாவுக்கு மனப்பாடம். ஊரார் வண்டியையெல்லாம் இப்படிக் குடைந்த மனிதர் தனக்கென்று ஒன்று வாங்கியதே இல்லை. எதைப் பார்த்தாலும் நொட்டை. பஸ்ஸில்தான் போய்வந்தார், மூன்றாவது சீட்டில் திருகாணி ஆடுகிறது என்று டிரைவரிடம் தினமும் புகார் சொல்லிக்கொண்டே.

இப்பேர்ப்பட்டவர் பெற்ற மகள் ஆசைப்பட்டது கன்வெர்ட்டிபிளுக்கு. பொத்தானை அமுக்கினால் துணிக்கூரை மடங்கிப் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளுமே, அந்தக் கார். லைசென்ஸ் கைக்கு வந்து நான்கே மாதம்.

“கூரை இல்லாம உட்காரணும்னா மொட்டை மாடில நாற்காலி போட்டுக்கோயேன். அதுக்கு எதுக்கு டயரு?” என்றார் அப்பா.

“நாள் பூரா ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே ரூம்ல நிக்கிறேன்பா. வீட்டுக்கு வர்ற அரை மணி நேரமாவது தலைக்கு மேல வானம் வேணும்.”

“சரி, நானே பார்த்து வாங்கித் தர்றேன்” என்றார். அவள் சேமிப்புக்குப் பத்து வயசு தாண்டிய வண்டிதான் கிடைக்கும். ஆகவே அவர் காந்தக்கட்டை, கம்பில் கட்டிய கண்ணாடி, டார்ச் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் காரின் கதவில் காந்தம் ஒட்டவில்லை, அடிபட்ட பள்ளத்தைப் பூசி மறைத்திருந்தார்கள். இரண்டாவது ஓடிய தூரம் குறைவு என்றது மீட்டர், பிரேக் மிதியின் தேய்மானம் அதைக் காட்டிக்கொடுத்தது. இப்படியே ஐந்தாவது வரை. ஆறாவதில் ஒரு குறையும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் என்று வேண்டாமென்றுவிட்டார்.

“என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் எப்படி வாயைத் திறக்காம இருந்தீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“அப்ப அனுபவம் பத்தாது.”

மகள் சிரிக்கவில்லை. “அப்பா, ஏழாவதுதான் கடைசி. அதையும் வேண்டாம்னீங்கன்னா நானே போய் ஒண்ணை வாங்கிட்டு வந்துடுவேன். உங்ககிட்ட காட்டக்கூட மாட்டேன்.”

சுருக்கென்றது அவருக்கு. பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் சொத்தா, சுகமா? இருந்தது அந்த இரண்டு கண்கள்தான். அதுவும் வேண்டாம் என்றுவிட்டால் அப்புறம் அப்பன் என்று ஒருத்தன் எதற்கு?

ஏழாவது கார் ஒரு பல் டாக்டருடையது. கருநீலம், கறுப்புத் துணிக்கூரை. நொட்டையார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இஞ்சின் சரி, அடிப்பாகம் சரி. இந்த மாதிரி கார்களுக்கு ஒழுகல்தான் சாபக்கேடு என்று அவருக்குத் தெரியும். அந்த மாதிரி எத்தனை வழக்குகளைத் தள்ளியிருக்கிறார்! டாக்டர் வீட்டுத் தோட்டக் குழாயை வாங்கிக் கூரை மேல் முக்கால் மணி நேரம் தண்ணீர் அடித்தார். பிறகு உள்ளே போய் ஓரமெல்லாம் வெள்ளைத்தாளால் ஒற்றிப் பார்த்தார். தாள் மொரமொரவென்று இருந்தது.

“ஒரு சொட்டு இறங்காதுங்க. அதுக்கு நான் கேரண்டி” என்றார் பல் டாக்டர்.

“ஒரு தடவை திறந்து பார்த்துடலாமேப்பா” என்று மகள் பொத்தானுக்குக் கை நீட்டினாள்.

“ஐயையோ, கையை எடு! ஈரத் துணியை மடிச்சா பூஞ்சை பிடிச்சிடும். ஒரு நாள் முழுசாக் காயணும்.”

“அடடா! விவரம் தெரிஞ்சவங்க விவரம் தெரிஞ்சவங்கதான்” என்றார் டாக்டர், மனம் நிறைந்து.

நொட்டையாருக்குப் பெருமை பிடிபடவில்லை. விற்பனைப் பத்திரத்தில், அலுவலகப் பழக்கத்தில், ‘முழுமையாகப் பரிசோதித்துத் திருப்தியடைந்த பின் வாங்கப்பட்டது’ என்று தன் கையாலேயே எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் கூரை காய்ந்தது. மகள் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகியது, கூரை அசையவில்லை. மறுபடியும் அமுக்கினாள், மறுபடியும் முனகல். அப்பா கண்ணாடிக் கம்பை நுழைத்துப் பார்த்தார். கூரையின் முன்விளிம்பு நெடுகிலும் கறுப்புப் பசை, ஒரு பிசிறு இல்லாமல், சொத்தைப் பல்லை அடைத்தது மாதிரி. முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. போன் போட்டார்.

“தண்ணி இறங்குதான்னுதானே பார்த்தீங்க? இறங்குதா?” என்றார் டாக்டர்.

“இல்ல.”

“அப்புறம் என்னங்க? பத்திரத்துல நீங்களே எழுதியிருக்கீங்களே.”

டாக்டர் போனை வைத்துவிட்டார். மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூடிய கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு காரில் அவர் தேடித் தேடி வாங்கித்தந்தது, சக்கரம் வைத்த இன்னொரு எக்ஸ்ரே ரூம். அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பசையை அறுத்துடலாம்பா” என்றாள்.

“அறுத்தா ஒழுகுமேம்மா.”

“ஒழுகட்டும்.”

வீட்டுக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்தார். துணியில் கீறல் விழாமல், ஒரு மணி நேரம் அறுத்தார். கூரை சோம்பல் முறித்துப் பின்னால் போனது. மகள் அண்ணாந்து பார்த்து, “அப்பா!” என்று கூவினாள். அவர் பார்க்கவில்லை, கீல் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்திருந்தார்.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றவரை ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, கூரையை மூடினாள். முன்விளிம்பிலிருந்து முதல் சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது. இரண்டாவது மூக்குக் கண்ணாடியில். அப்புறம் கணக்கில்லை, சட்டைக் காலர் வழியாக முதுகுக்குள் ஓடியது.

“எங்கேயாவது ஒழுகுதாப்பா?” என்றாள் மகள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணும் இல்லம்மா. வண்டி பிரமாதமா இருக்கு. நீ ரோட்டைப் பாரு” என்றார் நொட்டையார்.